அடையாறில் பூக்காத ஆர்க்கிட்

ரகு,

தந்தியைப் பிரிப்பதற்குள் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். அப்பா நன்றாக இருக்கிறார், நானும் நன்றாக இருக்கிறேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'கட்டுரையை நிறுத்து, பூ பொய், கடிதம் வருகிறது' என்பதற்கு மேல் சுருக்கி எனக்கு எழுதத் தெரியவில்லை. அது அச்சுக்குப் போகிற வேகத்துக்கு வேறு வழியும் தெரியவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன். நீயும் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டே படிக்காமல், உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய தட்டச்சுப் பிரதி சனிக்கிழமை வந்தது. ஐயாயிரம் அடிக்கு மேலே, சோலைக்காட்டு மரங்களில் வளர்கிற ஒரு மலை ஆர்க்கிட்டை, கடல் மட்டத்தில் இருக்கிற மெட்ராஸில், அடையாறில் ஒரு வீட்டுக் கொல்லையில் ஒரு குடும்பத் தலைவி பூக்க வைத்துக் காட்டினாள். ஆகவே மலைச்செடிகளைச் சமவெளிக்குப் பழக்கிவிடலாம் என்று ஏழு பக்கம் எழுதியிருக்கிறாய். பூத்த தேதி, பூக்களின் எண்ணிக்கை, அந்த வாரத்து வெப்பம், இது மூன்றும் சொன்னால் போதும் அம்மா என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், எழுதிக்கொள். பூக்கவில்லை. நீ படம் போட்டிருக்கிறாயே, கண்காட்சியில் கோப்பை வாங்கிய செடி, அது நம் வீட்டுச் செடியே இல்லை. கோடைக்கானலிலிருந்து பூவோடு வரவழைத்தேன். என் செடி என்று சொல்லி மேஜையில் வைத்தேன். ஒன்பது வருஷமாக உன்னிடமும் அப்படியே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைக்காதே. அழுகையெல்லாம் அந்த முதல் வருஷமே ஆயிற்று. இப்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. என் மேல் பாதி, உன் மேல் பாதி. ஏண்டா, தாவரவியலில் முதல் வகுப்பு வாங்கியவனே, அந்தப் படத்தை நீ ஒரு தடவையாவது உற்றுப் பார்த்தாயா? செடி ஒட்டிக்கொண்டிருக்கிற மரப்பட்டையில் பாசி இருக்கிறது. கெட்டியாக, ஈரமாக, கறுப்பு வெள்ளைப் படத்திலேயே தெரிகிற பாசி. மெட்ராஸ் வெயிலில் மூன்று வருஷம் இருந்த பட்டையில் பாசி எங்கேயடா இருக்கும்? நாங்கள் மலையிலிருந்து கொண்டுவந்த கிளையில் இருந்த பாசி முதல் சித்திரையிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்து, நான் பெருக்கிக் கொட்டினேன். அம்மா சொன்னாள் என்றால் பாசிகூடக் கண்ணுக்குத் தெரியாதா? எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஆராய்ச்சி இல்லை.

முன்னுரையில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். இன்ஜினீயரிங்கில் இடம் கிடைத்தும் தாவரவியலுக்கு வந்தது வீட்டுக் கூடத்தில் இருந்த அந்த ஒரு கோப்பையால்தான் என்று. அந்த வரியை அப்பா இரண்டு தரம் வாய்விட்டுப் படித்தார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு தரம் படித்துக் காட்டினார். நான் சமையலறையில் நின்றபடி கேட்டேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை. என் பொய்யைத் தின்று என் பிள்ளை வளர்ந்திருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். அப்பாவைத் தபால் இலாகா கோடைக்கானலுக்கு மாற்றிய மூன்று வருஷமும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு ஸ்வெட்டரோடு பள்ளிக்கூடம் போவாய். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சரிவில் சோலை. மழை நாளில் பகலிலேயே மரத்துக்கு மரம் தெரியாது, அப்படி மூட்டம். ஒரு பெரிய காற்றுக்கு அடுத்த நாள் காலையில் வழியில் ஒரு கிளை முறிந்து கிடந்தது. அதில் பாசிக்குள் வரிசையாகப் பச்சைக் குமிழ்கள், ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு, தலையில் இரண்டே இலை, இலையில் நரம்பு நரம்பாக எடுப்பாகக் கோடு. எதிரே செடி விற்கிற செல்லையாவிடம் காட்டினேன். "மரத்துல ஒட்டிக்கிட்டுத்தாம்மா இருக்கும், ஆனா மரத்தை உறிஞ்சாது. பனியும் மழையும் குடிச்சே வளர்ந்திரும். விழுந்த கிளையில விட்டா அழுகிப் போகும், எடுத்துட்டுப் போங்க" என்றான். ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டேன். நான் ஒன்றுமே செய்யவில்லை. ஆனி, ஆடி மழையில் புது இலைக்கு நடுவிலிருந்து தண்டு நீட்டி, ஆறு ஏழு பூ. வெள்ளை வெளேரென்று இதழ், நடுவில் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு நாக்கு. பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுக் குமிழ் சுருங்கிச் செத்த மாதிரி கிடக்கும். அப்போது தண்ணீர் ஊற்றினால்தான் சாகும். அடுத்த மழைக்குத் தானே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வருஷமும் பூத்தது. அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. மலை செய்ததை நான் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

மெட்ராஸுக்கு மாற்றல் வந்தபோது செல்லையா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான். "குளிருக்குன்னே பொறந்ததும்மா அது. கீழ கொண்டு போனா வெறும் இலைதான் விடும். எங்கிட்ட விட்டுட்டுப் போங்க." நான் கேட்கவில்லை. ரயிலில் கிளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிள்ளைத்தாச்சி மாதிரி. கிளையில் மூன்று கொத்து இருந்தது. அடையாறில் வாடகைக்குப் பிடித்த வீட்டில், கொல்லையில் மாமரத்து நிழலில் தொங்கவிட்டேன். ஆறு பக்கத்திலேயே, கடல் கூப்பிடு தூரத்தில். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, அத்தனை உப்பு. அதைத்தான் முதல் வருஷம் ஊற்றினேன். இலை நுனி கருகியதும் வெயில் என்று நினைத்தேன். அப்புறம் உப்புதான் காரணம் என்று தெரிந்து, மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்து ஊற்றினேன், இலை தேறியது. இலை மட்டும். ஆடி வரும், போகும், ஒரு தண்டு நீட்டாது. பகல் சூட்டை அந்தச் செடி எப்படியோ பொறுத்துக்கொண்டது. அதற்குப் பொறுக்காதது நம் ஊர் ராத்திரி. மலையில் இருட்டினால் குளிரும். இங்கே இருட்டினாலும் புழுங்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆற்றோரத்து பங்களாவில் பெண்களுக்கான ஒரு தோட்டச் சங்கம் இருப்பது தெரிந்து போய்ச் சேர்ந்தேன். ஆகஸ்டில் கண்காட்சி வைப்பார்கள். குரோட்டன்ஸும் ரோஜாவும் வைத்திருந்த மேஜைகளுக்கு நடுவில் என் கிளையை வைத்தேன், பூ இல்லாமல். எத்தனை உயரத்தில் வளர்கிற செடி, இங்கே உயிரோடு இருக்கிறதே, பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்று நினைத்தேன். தலைவியம்மாள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "இது லீஃப் ஷோ இல்லை மாமி, ஃப்ளவர் ஷோ" என்றாள். சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி, "போஸ்ட் ஆபீஸ் மாமி கருவேப்பிலை கொண்டு வந்துட்டா" என்றாள். என் முகத்தில் ஈ ஆடவில்லை. கிளையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அன்றைக்கு நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. "ஆமாம், பூக்கவில்லை, ஏன் பூக்கவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் வளர்க்கிறேன், உனக்குத் தெரிந்தால் நீ சொல்லேன்" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டும். வாய் இல்லாதவளா நான்? அத்தையிடம் எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! ஆனால் அங்கே வாய் வரவில்லை. அடுத்த ஆடியில் செல்லையாவுக்குக் கடிதம் எழுதினேன். பூவோடு ஒரு செடி வேண்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. நீ என்.சி.சி. முகாமுக்குப் போயிருந்த வாரம். அப்பா ஆபீஸ் போனதும் நான் எழும்பூருக்குப் போய்க் கூடையை வாங்கி வந்தேன். ஈரச் சாக்குக்குள் ஒன்பது பூ. கூடையில் செல்லையா ஒரு சீட்டும் வைத்திருந்தான். நல்லதாக ஒன்று எடுப்பதற்காக ஒரு மரத்தையே உரிக்க வேண்டியதாகிவிட்டது, மற்றதெல்லாம் நசுங்கிப் போயிற்று, மன்னியுங்கள் என்று. மன்னிப்பு அவன் கேட்டான், பார். நான் அந்தச் சீட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன்.

கோப்பை கொடுத்தார்கள். அதே தலைவியம்மாள் கை தட்டினாள். நீ முகாமிலிருந்து வந்து, காக்கி உடுப்பைக்கூட மாற்றாமல் அந்தச் செடி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். "எப்படிம்மா? எப்படிம்மா பண்ணினே?" என்று கேட்டாய். நான் ஏதோ சொன்னேன். பொறுமை வேண்டும் என்று சொன்னதாக ஞாபகம். வெட்கம் கெட்டவள்! அந்தச் செடி மூன்றே வாரத்தில் வாடிப் போனது, ஒளித்து வைத்திருந்த பழைய கிளையை மறுபடி அதே இடத்தில் தொங்கவிட்டேன். நம் வீட்டுப் பொய்யை முதலில் கண்டுபிடித்தது தாயம்மாதான். ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு எதிர்ச் சாரி வீடுகளுக்கு வருவாளே, நம் கொல்லைக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவாளே, அவள். "இன்னாம்மா, முந்தாநேத்து வரிக்கும் மொட்டையா இருந்துச்சு, இன்னிக்கி இம்மாம் பூவு கீது? ராவோட ராவா மாட்டிக்கினியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இனிமேல்தான் நீ கட்டாயம் படிக்க வேண்டியது. பொய் சொன்னவள் என்ன செய்வாள்? ஒன்று ஒத்துக்கொள்வாள், இல்லையென்றால் மறந்துவிடுவாள். நான் மூன்றாவதாக ஒன்று செய்தேன். அந்தப் பொய்யை நிஜமாக்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பூ, என் கொல்லையில் பூத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். நீ கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன வருஷங்களில் எனக்கு வேறு வேலையே இல்லை. தேங்காய் நாரில் கட்டினேன், அது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகவிட்டது. கரித்துண்டில் வைத்தேன், காய்ந்தது. மண்பானையைக் கவிழ்த்துச் சுற்றி ஈரச் சாக்கு சுற்றினேன், அதில் கொஞ்சம் தேறியது. தை மாதத்தில் தண்ணீரை நிறுத்து என்று செல்லையா எழுதியும், குமிழ் சுருங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் திருட்டுத்தனமாக ஊற்றி ஒரு கொத்தைக் கொன்றேன். பசிக்காத குழந்தை வாயில் சோறு திணிக்கிற மாதிரி. உன்னையும் நான் அப்படித்தான் வளர்த்தேன், நல்லவேளை உனக்கு வாந்தி எடுக்கத் தெரிந்தது.

ஒரு வெயில் காலத்தில் மீதி இரண்டு கொத்தும் துவண்டு கிடந்ததைப் பார்த்துத் தாயம்மாதான் வழி சொன்னாள். "குளுருக்கு ஏங்குதும்மா. எறா ஏவாரிங்க பொட்டி பொட்டியா ஐஸ் எறக்குறாங்க கரையில. ஒரு துண்டு எட்த்தாரவா?" மலைத்தேயிலை வந்த மரப்பெட்டி ஒன்று கிடைத்தது, உள்ளே ஈயத்தாள் ஒட்டினது. அடியில் தட்டில் ஐஸ், மேலே கம்பியில் செடி, வாயில் ஈரக் கோணி. தினம் சாயங்காலம் தாயம்மா மரத்தூளில் பொதிந்து ஒரு கட்டி கொண்டு வருவாள். மறுநாள் காலையில் மூடியைத் திறந்தால் கோடைக்கானல் மாதிரியே முகத்தில் சில்லென்று அடிக்கும். அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு வந்தார். "ஏண்டி, நம்மாத்துல மீன் வாடை அடிக்கறதே, யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றார். "செடிக்கு ஜுரம், ஒத்தடம் குடுத்துண்டு இருக்கேன்னு சொல்லுங்கோ" என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

ரகு, அது எழுந்தது. இரண்டு மாதத்தில் புதுக் குமிழ், புது இலை, இலைக்கு நடுவில் ஒரு பச்சை மூக்கு. ஆனி கடைசியில் அந்த மூக்கு விரிந்து, தண்டில் மூன்று மொட்டு. கோதுமை மணி அளவுதான். நான் தினம் பத்துத் தரம் போய்ப் பார்ப்பேன். உனக்கு எழுத வேண்டும் என்று கார்டை எடுத்து வைத்தேன். ஆனால் பூத்ததாக நான்தான் முன்னாலேயே உன்னிடம் சொல்லியாயிற்றே, என்ன என்று எழுதுவேன்? அத்தனை சந்தோஷத்தையும் சொல்ல ஆள் இல்லாமல் தனியாக வைத்துக்கொண்டு திண்டாடினேன். அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் தோன்றியது. மழைத் தண்ணீர் அண்டாவில் தீர்ந்துவிட்டது, குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர். தட்டில் ஐஸ் உருகின தண்ணீர் தெளிவாக, குளுகுளுவென்று நிற்கிறது. கிணற்று உப்பு இல்லாத நல்ல தண்ணீர் என்று நானே முடிவு கட்டி, இரண்டு கொத்துக்கும் அதையே ஊற்ற ஆரம்பித்தேன்.

எட்டாம் நாள் மொட்டு கறுத்தது. பத்தாம் நாள் இலை நுனி எல்லாம் தீய்ந்தது. தாயம்மா வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தட்டில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். துப்பினாள். "அய்ய, இதையா ஊத்தினே? கரிக்குதேம்மா! உப்பு போட்டாத்தான் சில்லுனு நிக்கும்னு நாந்தான் ரெண்டு கை அள்ளிப் போட்டு எட்த்தாந்தேன். கீழ வைக்கத்தானே கேட்ட நீ?" என்றாள். நான் தட்டை வெளியே இழுத்தேன். அவளே, "ஒரு சொட்டு வாயில வச்சுப் பாக்கக் கூடாதா?" என்றாள். "மீன் ஐஸை நான் எப்படி வாயில வைப்பேன்?" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன் வாயிக்கு ஆவாதது, உன் செடி வாயிக்கு மட்டும் ஆவுமா?" என்றாள்.

கிணற்று உப்பைக் கண்டுபிடித்தவள்தானே நான்? எப்படிக் கண்டுபிடித்தேன்? நாக்கில் வைத்துத்தான். அந்த ஐஸை மட்டும் வைக்கவில்லை. ஆசாரம்! பெட்டியைத் தொட்டேன், கோணியைப் பிழிந்தேன், கை பூராவும் மீன் வாடை, அதெல்லாம் பரவாயில்லை, நாக்கு மட்டும் மடி. பதில் இல்லாதவர்கள் செய்கிறதைத்தான் நான் செய்தேன். கத்தினேன். நீதான் கொன்னே, உன்னை யார் உப்புப் போடச் சொன்னா, இனிமே இந்தப் படி ஏறாதே என்றேன். அவள் காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் நம் தெருப் பக்கமே வரவில்லை. உனக்கு நான், வெயில் தாங்காமல் எல்லாச் செடியும் போய்விட்டது என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். அதையும் நீ ஆறாம் பக்கத்தில் எடுத்துப் போட்டிருக்கிறாய். அதுவும் பொய், அடித்துவிடு.

தந்தி கொடுத்ததை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. ஆனால் தபாலாபீஸில் தந்தி வாங்குகிற பிள்ளை அப்பாவிடம் வேலை கற்றவன். "சார், என்னமோ பூ பொய்யின்னு அம்மா தந்தி குடுத்துட்டுப் போறாங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று வாசலுக்கே வந்து விசாரித்துவிட்டான். அப்பா கேட்டார், சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், "பூத்துதா பூக்கலையான்னு ஒம்போது வருஷம் கழிச்சு யாருடி எட்டிப் பாக்கப் போறா? கொழந்தை பேர் அச்சுல வரப்போறது. வாயை மூடிண்டு இரேன்" என்றார். "அவன் பேர் வரப்போறதுனாலதான் மூடிண்டு இருக்க முடியலை" என்றேன். கோபித்துக்கொண்டு மயிலாப்பூரில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் ஆயிற்று. அத்தை கையால் வத்தக்குழம்பு மூன்று நாளைக்கு மேல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, வந்துவிடுவார். வராவிட்டாலும் நான் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பேன்.

எட்டிப் பார்ப்பார்கள், ரகு. நீ எழுதினால் நம்புவார்கள். அதுதான் பயம். மெட்ராஸில் பூக்கும் என்று பத்திரிகையில் வந்துவிட்டால், என்னைப் போல நூறு பேர் கோணிப்பையோடு மலைக்குப் போவார்கள். ஒன்பது பூவுக்கு ஒரு மரத்தை உரித்தது எனக்குத் தெரியும். நூறு பேருக்கு எத்தனை மரம் என்று நீ உன் வகுப்பில் கேட்டுப் பார். எல்லாச் செடியையும் எல்லா ஊருக்கும் பழக்கிவிடலாம் என்று எழுத நன்றாகத்தான் இருக்கும். சிலது பழகாது. அதன் குற்றம் இல்லை. செல்லையா போன வருஷம், இன்னொரு கொத்து அனுப்பட்டுமா அம்மா என்று கேட்டு எழுதினான். மலையிலிருந்து இனி எனக்கு ஒரு இலை வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன்.

நேற்று இரண்டு வேலை செய்தேன். காலையில் குப்பத்துக்குப் போனேன். சந்து சந்தாகக் கேட்டுக்கொண்டு போய், வலை காய்கிற இடத்தில் தாயம்மாவைப் பிடித்தேன். "நீ கொல்லலை. நான்தான் கொன்னேன்" என்றேன். நாலு பெண்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள், இருக்கட்டும். "அத்த சொல்ல இம்மாம் தொல நடந்து வந்தியா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி, வெயில்ல நிக்காத, குந்து" என்றாள். குந்தினேன். உன்னைப் பற்றி விசாரித்தாள். கல்யாணம் எப்போது என்று கேட்டாள். அதை நீதான் சொல்ல வேண்டும்.

அங்கிருந்து நேரே சங்கத்துக்கு, பையில் கோப்பையோடு. அதே தலைவியம்மாள், இப்போது கைத்தடி வைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கோப்பையை மேஜையில் வைத்தேன். "எதுக்கு மாமி இப்போ இதெல்லாம், அந்தக் காலத்துக் கதை, நீங்களே வெச்சுக்கோங்கோ" என்று பையிலேயே திருப்பிப் போடப் பார்த்தாள். "பதிவேட்டைக் கொண்டு வாங்கோ. அந்த வருஷத்துப் பக்கத்துல, இந்தப் பரிசு செல்லாதுன்னு எழுதுங்கோ. எழுதற வரைக்கும் நான் நகரமாட்டேன்" என்றேன். "ஊர் சிரிக்கும் மாமி" என்றாள். "முன்னாடியே நீங்கள்ளாம் சிரிச்சாச்சு, எனக்குப் பழக்கம்தான்" என்றேன். இந்தத் தடவை வாய் வந்தது! ஒரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காப்பி கொடுத்தார்கள், குடிக்கவில்லை. கடைசியில் எழுதினாள். எழுதினதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இனி உன் வேலை. கட்டுரையை நிறுத்து என்று தந்தியில் சொன்னேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கிழித்துப் போடாதே. திருப்பி எழுது. அம்மா மானம் போகுமே என்று எதையும் பூசி மெழுகாதே. கிணற்று உப்பு, தேங்காய் நார், தை மாதத்துத் தண்ணீர், தேயிலைப் பெட்டி, மீன் ஐஸ், கோடைக்கானலிலிருந்து வந்த கூடை, எல்லாவற்றையும் எழுது. மூன்று மொட்டு வந்தது என்று எழுது. விட்டிருந்தால் பூத்திருக்கும் என்று மட்டும் எழுதாதே, அது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் பேராசிரியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பூத்ததை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் கண் விழித்துப் பார்த்துப் பூக்காததை எழுத யார் இருக்கிறார்கள்? பத்திரிகைக்காரர்கள் போட மாட்டேன் என்றால் என்னிடம் சொல், நான் வருகிறேன். நாற்காலியில் உட்காரத் தெரியும் எனக்கு.

ஒன்றே ஒன்று. கோப்பையை வைத்துவிட்டு வரும்போதுதான் அதில் வெட்டியிருந்த எழுத்தை ஒழுங்காகப் படித்தேன். திருமதி என்று போட்டு அப்பா பெயர் இருந்தது. இத்தனை வருஷம் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. உன் கட்டுரையிலும் 'ஒரு குடும்பத் தலைவி' என்றுதான் இருக்கிறது. அதை எடுத்துவிடு. அந்தப் பொய்க் கோப்பையை வாங்கினவள் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். செடியை வளர்த்தது நான். கொன்றது நான். பூக்கவில்லை என்று கண்டுபிடித்ததும் நான். அடையாறில் இது பூக்கவில்லை என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைப் போடு. அப்பா பெயர் வேண்டாம், திருமதி வேண்டாம். என் பெயர்.

அம்மா